பதிலுக்கு அங்கிளும் முப்பத்திரண்டு கிலோ ஆம்ப்ளிஃபயரும்

பெங்களூரில் பணத்தைக் கண்டு முகம் சுளிக்கிற ஒரே மனிதர் பதிலுக்கு அங்கிள்தான். மற்றவர்களும் சுளிப்பதுண்டு, அது தொகை போதாமல். இவருக்குப் பணம் என்ற வஸ்துவே ஆகாது. நீங்கள் சட்டைப் பையைத் தொட்டாலே போதும், பக்கத்தில் யாரோ கெட்ட வார்த்தை பேசியதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் வீட்டில் எதைக் காட்டி "நல்லாருக்கே அங்கிள், இது கிடைக்குமா?" என்று கேட்டாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும்: "பதிலுக்கு இன்னா?"

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பிரேசர் டவுனில் அது இப்போது வாக்காளர் அட்டைக்கும் ஆன்ட்டிக்கும் மட்டும்தான் தெரியும். ஆன்ட்டியும் அதைக் கோபம் வந்தால்தான் வெளியே எடுப்பார்.

அங்கிள் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். "முப்பது வருஷம் கேட்டைத் தாண்டி ஒரு ஆணியை வெளிய விடல இந்த மனுஷன். ரிட்டயர் ஆனதும் அத்தனைக்கும் சேத்து வீட்டுச் சாமான வெளிய விடறார்" என்பது ஆன்ட்டியின் விளக்கம்.

அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் போன கதையை ஆன்ட்டி சொல்லித்தான் கேட்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை பாலை ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு சர்ச்சுக்குப் போனேன். இவர் காய்ச்சல்னு வீட்டுல படுத்துட்டார். திரும்பி வந்து பாக்கறேன், ஃப்ரிட்ஜ் இருந்த எடத்துல ஆர்மோனியம் இருக்குது! பால் எங்கேன்னு கேட்டா, 'பால் டீல்ல சேரல, சமையல்கட்டுல பத்திரமா இருக்கு'ங்கறார். அந்த ஆர்மோனியத்துக்குள்ள தயிர உறைய வெச்சுக் குடுக்கச் சொல்லு பாப்போம்!"

அங்கிள் அமைதியாக, "தயிருக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு? வெளியவே உறையும்" என்பார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுல மாறாம இருக்கறது நானும் சுவரும்தான். சுவர் மேல எனக்கு டவுட் இருக்கு" என்று ஆன்ட்டி முடிப்பார்.

கல்யாணத்துக்கு முன் நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அப்போதே, அங்கிள் இன்னும் வேலையில் இருந்த காலத்திலேயே, கைப்பழக்கத்துக்காக என்னிடம் ஆரம்பித்துவிட்டார். என் இஸ்திரிப் பெட்டி மேஜை விளக்காகி, மேஜை விளக்கு முக்காலியாகி, முக்காலி மறுபடியும் இஸ்திரிப் பெட்டியாகி என்னிடமே வந்து சேர்ந்தது. வேறு இஸ்திரிப் பெட்டி. என்னுடையதைவிட மோசம். இருந்தும் எனக்கு என்னவோ லாபம் வந்த மாதிரி இருந்தது. என் வியாபார மூளையைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

அங்கிளின் சட்டத்தில் முக்கியமான ஷரத்து ஒன்று உண்டு. பொருளை மாற்ற வருகிறவர், அதன் குறைகளைத் தன் கையால் எழுதிக் கொண்டுவர வேண்டும். கோடு போட்ட அரைத் தாள் போதும். தாளில் ஒரு நல்ல வார்த்தைகூட இருக்கக் கூடாது. "நல்லத சொல்றவன் விக்க வந்தவன். அவன வாசல்லயே அனுப்பிடு. கொறைய சொல்றவன்தான் மாத்த வந்தவன், அவனுக்கு ஒரு நாற்காலி போடு" என்பார். ஒரு வக்கீல் தன் வீட்டு உடற்பயிற்சி சைக்கிளைக் கொண்டுவந்தபோது, குறை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'துணி காயப்போட இடம் போதவில்லை.' அங்கிள் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று வக்கீலின் கையைக் குலுக்கினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து விலா நோகச் சிரித்தேன். சைக்கிளை வாங்கித் துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு மனிதன் மழுங்கிப் போவானா என்று சிரித்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கண்ணாடி வால்வுகள் போட்ட பழைய ரகம். சுவிட்சைப் போட்டதும் பாடாது. வால்வுகள் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் கண் திறக்கிற வரைக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டும். அப்புறம் கிட்டாரில் ஒரே ஒரு கம்பியைத் தட்டினால் போதும். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? உருகிய வெல்லத்தில் லேசாக ஒரு அரம் ஓடுகிற மாதிரி இருக்கும். இருபத்தாறு வயதில் வாங்கியது. எடை முப்பத்திரண்டு கிலோ. என் மனைவி மாலதி அதற்கு வைத்த பெயர் 'மூத்தவ'. "உங்க மூத்தவளக் கொஞ்சம் நகத்துங்க, பெருக்கணும்" என்பாள்.

நாங்கள் குடியிருப்பது தொம்மலூரில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிகள் அறுபத்து மூன்று. முப்பது வயதில் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி இறங்கியிருக்கிறேன். நாற்பதில் மாடிக்கு மாடி நின்று இறங்கினேன். ஐம்பதில் படிக்கு ஒரு நாயன்மாரைக் கூப்பிட்டேன். ஐம்பத்திரண்டில் இடுப்பு பிடித்துக்கொண்டு, இருபதாவது நாயன்மாரிடமே உட்கார்ந்துவிட்டேன். எலும்பு டாக்டர் என் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது" என்றார். என் தொப்பையே அதற்குமேல் இருக்கும் என்று சொல்ல நினைத்து, அடக்கிக்கொண்டேன்.

வாரத்தில் ஆறு நாள் ஆபீசில் மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைத் திருத்துகிற எனக்கு, ஞாயிறு மாலைதான் உயிர். பல் டாக்டர் நாகராஜ் வீட்டுக் கார் ஷெட்டில் நாலு பேர் கூடி வாசிப்போம். நாகராஜ் டிரம்ஸ். வாரம் முழுக்கப் பல்லைப் பிடுங்கின ஆத்திரத்தை அதன்மேல் காட்டுவார். இடுப்பு போன பிறகு நான் போவதை நிறுத்தினேன். முதலில் 'இந்த வாரம் மட்டும்' என்றேன். பிறகு ஆபீஸ் வேலை என்றேன். பிறகு அவர்கள் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒருநாள் நாகராஜே போன் செய்தார்.

"ஏனு குரு, என்னப்பா இது, வர்ற மாதிரி ஐடியா இருக்கா இல்லயா? தங்கவயல்லேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார், நல்லா வாசிக்கறார். ஆம்ப்ளிஃபயர ஒத்தக் கைல தூக்கிட்டு வர்றார், டிபன் கேரியர் மாதிரி. இந்த மாசம் நீ வரலன்னா அவர சேத்துக்கறோம். தப்பா எடுத்துக்காத."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளே பிரேசர் டவுன் போனேன்.

அங்கிள் வீட்டு வரவேற்பறையில் ஒரு சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது. நாலரை கிலோ. டாக்டர் கொடுத்த அளவுக்குள் அடங்கியது. ஒரு திருகைத் திருப்பினால் நாற்பது வகைப் பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் குரலில் பேசும்.

"மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட் மாதிரி அங்கிள். எல்லார் குரலும் வருது, சொந்தக் குரல் கிடையாது" என்றேன்.

"அது அதோட கொறை. நீ உன்னோடது எழுதிக்கினு வா மேன்."

உட்கார்ந்து எழுதினேன். ஒருவனுடைய பிரியமான பொருளின் குறைகளை அவனையே எழுதச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் தாளில் இப்படி எழுதினேன்: 'ஒலியின் ஆழம் காரணமாகச் சில சமயம் அண்டை வீட்டார் மெய்மறந்து விடுகிறார்கள்.'

அங்கிள் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார். "இன்னா மேன் இது? பொண்ணு வூட்டுக்காரன் 'எங்க பொண்ணுக்கு ரொம்ப எரக்க குணம், அதான் அவகிட்ட கொறை'ன்றா மாதிரி இருக்குது. போ, வேற எழுது."

இரண்டாவது தாளில் கொஞ்சம் நேர்மை சேர்த்தேன். கனம். சூடேற நேரமாகும். மழைக்காலத்தில் எங்கிருந்தோ வானொலியைப் பிடித்துக் கன்னடச் செய்தி வாசிக்கும். கடைசி வரியில் கை கேட்காமல், 'ஆனால் செய்தியும் இனிமையாகவே ஒலிக்கும்' என்று சேர்த்துவிட்டேன். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உன்னால எழுத முடியாது. நானே வந்து பாக்கறேன்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை வந்தார். எழுபத்திரண்டு வயதில் அறுபத்து மூன்று படி. நான் பதறிக்கொண்டு பின்னால் ஏறினேன். அவர் திரும்பி, "நீ ஏன் இப்படி மூச்சு வாங்கறே? தண்ணி குடி" என்றார்.

மூத்தவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அங்கிளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எந்த வாத்தியமும் தெரியாது. வெறுமனே சுவிட்சைப் போடச் சொன்னார். வால்வுகள் சிவந்தன. 'ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து அதன் முணுமுணுப்பு எழுந்தது. அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காபி ஆறியது. மாலதி என்னிடம் ஜாடையில், 'தூங்கிட்டாரா?' என்று கேட்டாள்.

"தூங்கல" என்றார் அங்கிள், கண்ணைத் திறக்காமல். பிறகு திறந்து, "அது மேல இன்னா பெட்டி?" என்றார்.

"வைஃபை பெட்டி."

"அதுக்குப் பக்கத்துல?"

"மணி பிளான்ட்" என்றாள் மாலதி.

"கீழ ஒரு துணி?"

"எங்க அக்கா போட்டுக் குடுத்த எம்பிராய்டரி. சும்மா கெடக்குதேன்னு விரிச்சேன்."

"எத்தன நாளா?"

"போன தீபாவளிக்கு முன்னாலேர்ந்து இருக்கும்" என்றாள்.

அங்கிள் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவதாக எழுத நான் எடுத்து வைத்திருந்த வெற்றுத் தாளை மடியில் வைத்து, அவரே ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்தார்.

'வைத்திருப்பவனை வாசிக்க விடாது.'

எனக்குச் சுருக்கென்றது. "அங்கிள், அதுக்குக் காரணம் என் இடுப்பு. இந்தப் பெட்டி என்ன பண்ணும்?" என்று வாதாடினேன். என் குரலே எனக்கு அந்த வக்கீலின் குரல் மாதிரி கேட்டது. வக்கீல் பரவாயில்லை; தன் சைக்கிள்மேல் என்ன தொங்குகிறது என்றாவது அவருக்குத் தெரிந்திருந்தது. தினமும் தாண்டிப் போகிற எனக்கு, என் ஆம்ப்ளிஃபயர்மேல் கொடி வளர்ந்தது தெரியவில்லை. ஐந்து இலை விட்டிருந்தது.

"ஒரு வாரம் யோசி மேன். மாத்தறது மாத்தாதது உன் இஷ்டம். எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

யோசித்தேன். தொம்மலூர் மேம்பாலத்தடி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யோசித்தேன். பெங்களூர்வாசிகளின் ஆழ்ந்த சிந்தனைக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் அது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி நான் பேசியிருக்கிறேன். எங்கே வாங்கினேன், எப்படித் தூக்கி வந்தேன், சத்தம் எப்படி இருக்கும் என்று அரை மணி நேரம் சொல்வேன். சத்தத்தைப் பற்றி அவ்வளவு சொன்னவன், ஒருவருக்காவது போட்டுக் காட்டினேனா? வாசிக்கிறவன் என்ற பதவியை ராஜினாமா செய்துவிட்டு, வாசித்தவன் என்ற பதவியில் உட்கார்ந்திருந்தேன். அதில் இடுப்பு வலி இல்லை, தப்பு ஸ்வரம் இல்லை, நாகராஜின் திட்டு இல்லை. சௌகரியமான பதவி.

ஆனால் மறுபக்கமும் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் அந்தச் சத்தம் திரும்ப வராது. நாற்பது குரல் பேசும் பெட்டியில் அந்த ஒரு குரல் மட்டும் இல்லை. கடையிலேயே உட்கார்ந்த மாதிரி அங்கிள் வீட்டில் ஒரு பகல் முழுக்கத் திருகித் திருகிப் பார்த்துவிட்டேன். ஒரு இடத்தில் கிட்டத்தட்ட வந்தது. கிட்டத்தட்ட வந்ததுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"கீழ் வீட்டுல வெச்சுட்டா என்ன?" என்று மாலதியிடம் கேட்டேன்.

"கீழ் வீட்டுல அவங்க மாவு மெஷினுக்கே எடம் இல்ல. நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க வாசிக்காத இந்த ஒரு வருஷம் வீடு அமைதியா இருந்துச்சு."

"சந்தோஷம்தானே உனக்கு?"

"முதல் மாசம் சந்தோஷமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே போய் மணி பிளான்ட்டை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அங்கிளுக்குப் போன் செய்து, வரச் சொன்னேன். ஈஜிபுராவிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கையில் அந்தச் சின்ன டிஜிட்டல் பெட்டியோடு அங்கிள் வந்தார். நானும் ஒரு கை பிடிக்கப் போனேன்.

"நீ ஒயர எடுத்துக்கினு வா" என்றார்.

என் வாழ்நாளின் மிகப் பெரிய காதலுக்கு நான் ஒயர் தூக்கி விடை கொடுத்தேன். ஆட்டோவில் ஏற்றியதும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "மழைல நனையாம பாத்துக்கோங்க" என்றேன். அது நல்ல வெயில் நாள். ஆட்டோக்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னப் பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். நாகராஜ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டார். தங்கவயல்காரருக்கு வேறு பாட்டுகளில் இடம் கொடுத்தோம். நல்ல மனிதர், என்னைவிட நன்றாகவே வாசிக்கிறார். அதனால் அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டு மணி நேரம் வாசித்தேன். விரல் நுனி கன்றிப் போனது. சத்தம் மாறியிருப்பதை யாராவது கண்டுபிடித்து வருத்தப்படுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக அந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று அங்கிள் வீட்டுக்குப் போனேன். தொம்மலூரில் இருப்பவன் பிரேசர் டவுன் பக்கம் சும்மா வர முடியாது. முக்கால் மணி நேரம் ஆகும். வரவேற்பறையில் மூத்தவள் இல்லை. அந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க அங்கிள்?"

"மாத்தியாச்சு."

"யாருக்கு?"

"அது சொல்ற வழக்கம் இல்ல. குடுத்தப்புறம் எட்டிப் பாக்கக் கூடாது. எனக்கு எந்தச் சாமான் மேலயும் ஒரு இது கிடையாது மேன். போனா போச்சு" என்றார். அவர் குளிக்கப் போன பிறகு ஆன்ட்டி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு இதுவும் கிடையாதாமே! நம்பாத. ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் என்னை ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டு, வாக்கிங்னு ஒண்ணு போறார். பின்னாடியே போய்ப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

போனேன். சர்ச் கேட்டிலிருந்து இருபது அடி தள்ளி, மரத்துக்கு மரம் ஒளிந்து, ஐம்பத்து மூன்று வயதுத் துப்பறிவாளனாக நடந்தேன். அங்கிள் ஒரு வீட்டு மதிலோரம் நின்றார். உள்ளே மாடியில் யாரோ பியானோவில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிற பாவனையில் ஒரு பாட்டு முடிகிறவரை நின்றார். அடுத்த தெருவில் ஒரு தையல் மெஷின் ஓடுகிற ஜன்னல். அங்கே செருப்பில் கல் மாட்டிக்கொண்டதுபோல் குனிந்தார். கட்டிக் கொடுத்த பெண்களை ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டு வருகிற அப்பாவைப்போல, ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் நடந்துகொண்டே இருந்தார்.

மூன்றாவது தெருவில், தரைத்தள வீடு ஒன்றுக்கு எதிரே அவர் நிற்பதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. முதல் ஒலியிலேயே தெரிந்தது. என் கால் நின்றுவிட்டது.

அங்கிள் திரும்பாமலே, "பின்னாடி வர்றவரு முன்னாடி வரலாம். உங்க முட்டி சத்தம் மூணு தெருவா கேக்குது" என்றார்.

போய்ப் பக்கத்தில் நின்றேன். "யாரு?"

"கணக்கு டீச்சர். ஸ்கூல்லேர்ந்து ரிட்டயர் ஆயிட்டாங்க. இப்பதான் கத்துக்கறாங்க. அக்கம்பக்கம் எல்லாம் சர்ச்சுல ரெண்டாவது பூசை முடிஞ்சு வர்றதுக்குள்ள வாசிச்சு முடிச்சிடணும்னு அவசரம்."

ஜன்னல் திறந்திருந்தது. மூத்தவளின் தலைமேல் ஒன்றுமில்லை. டீச்சர் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வழுக்கினார். வழுக்கியதும் 'ஐயோ' என்று ஒரு குரல், மறுபடி முதலிலிருந்து. அந்தத் தப்பு ஸ்வரமும் அதே வெல்லத்தில் தோய்ந்துதான் வந்தது. ஆனாலும் இருக்கிற புத்தியைக் காட்டினேன்.

"தப்பா வாசிக்கறாங்க அங்கிள்."

"வாசிக்கறாங்க" என்றார் அங்கிள்.

டீச்சர் பதினோராவது முறை அந்த இடத்தைத் தாண்டினார். தெருவில் நின்ற நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையாட்டினோம். அங்கிள் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வா, இன்னும் ரெண்டு வூடு இருக்குது" என்று நடந்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் பதினொரு மணிக்கு நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. அங்கிள் நின்று நின்றுதான் நடப்பார்; என் முட்டிக்காகத்தான் நிற்பதாகச் சொல்லிக்கொள்வார். நானும் ஆமாம் என்று சொல்லி, அவர் மூச்சு சமனாகிற வரைக்கும் கூடவே நிற்கிறேன்.